தலைச்சுமையை இறக்கி வைக்க ஒரு சின்ன வண்டி

மரக்காணம் உப்பளத்தில் வேலை வெயிலுக்கு முன்பே தொடங்கிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பறக்கும் கார்கள் விளக்கை அணைக்காத நேரத்திலேயே, நம் காலனிப் பெண்கள் தூக்குவாளியும் கூடையுமாக உப்பளத்தில் இறங்கிவிடுகிறார்கள். பலகையால் வாரி வரப்போரம் குவித்த உப்பைக் கூடையில் அள்ளி, சும்மாட்டின் மேல் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்து, லாரி நிற்கும் மேட்டில் கொட்ட வேண்டும். திரும்பி வந்து மறுபடியும் அள்ள வேண்டும். முப்பது வயதில் கழுத்து வலி, நாற்பதில் முட்டி வலி. உப்பளத்துக்குப் போன எந்தத் தாயைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்வார்.

இப்போது சில இடங்களில் மினி டிராக்டர் வரப்போரம் வரத் தொடங்கியிருக்கிறது. பின்னால் ஒரு சின்ன டிரெய்லர். பத்துப் பெண்கள் அரை நாள் சுமக்கும் உப்பை அது சில நடைகளில் மேட்டுக்குக் கொண்டு சேர்த்துவிடும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வண்டி யாருடையது? அளத்தை நடத்துபவர் வாங்கினால், சுமந்த பெண்ணுக்குக் கழுத்து வலி போகும். கூடவே கூலியும் போகும். சுமந்தவர்களே சேர்ந்து வாங்கினால், கூலி போன இடத்தில் வாடகை வரும். நம் பிள்ளைகள் டிராக்டர் வாங்கக் கடன் கேட்டு வங்கிப் படி ஏறும்போது மனதில் வைக்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

இரண்டாவது விஷயம், எல்லோரும் டிராக்டரைப் பார்க்கிறார்கள், டிரெய்லரைப் பார்ப்பதில்லை. எத்தனை குதிரைத்திறன், என்ன கம்பெனி, எந்த நிறம் என்று பத்து நாள் பேசுவார்கள். டிரெய்லரைப் பட்டறையில் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடுவார்கள். என் அண்ணனும் மூன்று நண்பர்களும் செய்தது அதுதான். கையிலிருந்த மினி டிராக்டருக்கு, பெரிய டிராக்டரில் ஓடிய பழைய 10 அடி டிரெய்லர் ஒன்றை மலிவாக வாங்கி மாட்டினார்கள். முதல் பருவத்திலேயே சரிவில் இறங்கும்போது டிரெய்லர் டிராக்டரைத் தள்ளி, இரண்டும் மடங்கி உப்புப் பாத்தியில் சரிந்தன. அண்ணனுக்குக் கால் எலும்பு முறிந்தது. டிரெய்லருக்குப் பதிவு எண்ணே இல்லை என்பதால் காப்பீட்டுப் பணம் வரவில்லை. அடுத்த பருவம் முடிவதற்குள் அதன் தளத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. கடைசியில் பழைய இரும்புக் கடைக்குத்தான் போனது. கடன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நால்வருக்கும் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியவை கீழே.

நீளத்தைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள்

டிரெய்லர் வாங்கப் போனால் பட்டறையில் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள். நெல் தாளுக்கும் வைக்கோலுக்கும் அந்தக் கணக்கு போதும். உப்புக்குப் போதாது.

பத்தாம் வகுப்பு மாணவர்கள் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது. ஒரு கன அடி உப்பு ஏறத்தாழ 30 கிலோ இருக்கும். புதிதாக வாரிய ஈர உப்பு அதற்கும் மேல். 10 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட டிரெய்லரின் கொள்ளளவு 75 கன அடி. அதை உப்பால் நிரப்பினால் 2,250 கிலோ. அதே டிரெய்லரில் அதே உயரத்துக்கு உதிரி வைக்கோல் போட்டால் இருநூறு கிலோகூடத் தேறாது. பார்வைக்கு இரண்டும் ஒரே சுமை. வண்டிக்கு அப்படி இல்லை.

இழுக்கும் டிராக்டரின் எடை எவ்வளவு? 18 முதல் 28 குதிரைத்திறன் வரையிலான மினி டிராக்டர்கள் பலவும் ஒரு டன்னுக்குக் குறைவானவை. உதாரணத்துக்கு 800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிரேக் இல்லாத டிரெய்லரின் எடையும் அதிலுள்ள சுமையும் சேர்ந்து, டிராக்டர் எடையைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. அப்போதும் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. 800 கிலோ டிராக்டருக்கு அது 1,200 கிலோ. வெறும் டிரெய்லரே 400 கிலோ என்றால், ஏற்றக்கூடிய உப்பு 800 கிலோதான். அதாவது 50 கிலோ மூட்டை பதினாறு.

6 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட சின்னப் பெட்டியை நிரப்பினால் சுமார் 720 கிலோ வரும். மினி டிராக்டருக்கும் உப்பளத்துக்கும் ஏற்ற அளவு இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இவ்வளவு சின்னதா என்று கேட்பார்கள். உப்புக் குவியலிலிருந்து மேடு வரையிலான தூரம் பெரும்பாலும் குறைவு. இரண்டு நடை கூடுதலாக அடித்தால் போச்சு. கவிழ்ந்தால் பருவமே போய்விடும்.

இன்னும் அதிகம் ஏற்ற வேண்டுமென்றால், பிரேக் வைத்த டிரெய்லர்தான் வாங்க வேண்டும். அப்போதும் டிராக்டர் கம்பெனி தரும் கையேட்டில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதோ, அதுதான் எல்லை. எஞ்சினுக்கு இழுக்கும் பலம் இருக்கலாம். ஆனால் சரிவில் அந்தச் சுமையைப் பிடித்து நிறுத்த டிராக்டருக்குப் போதிய எடை வேண்டும். என் அண்ணன் விழுந்தது இழுக்க முடியாமல் அல்ல, நிறுத்த முடியாமல்தான்.

ஒற்றை அச்சா, இரட்டை அச்சா?

ஒரே அச்சும் இரண்டு சக்கரமும் கொண்ட டிரெய்லரில் சுமையின் ஒரு பங்கு முன்னால் வந்து டிராக்டரின் பின் சக்கரத்தை அழுத்தும். சேற்றில் சக்கரம் சுழலாமல் பிடித்து நகர அது உதவும். குறுகிய வரப்பில் திருப்பவும் பின்னோக்கி எடுக்கவும் எளிது. நான்கு சக்கர டிரெய்லரில் எடை முழுவதும் அதன் சக்கரங்களிலேயே நிற்கும். டிராக்டருக்குப் பிடிப்பு கூடாது. பின்னோக்கி எடுப்பதும் பழகியவர்களுக்கே சிரமம். உப்பளத்துக்கு ஒற்றை அச்சே நல்லது.

ஒற்றை அச்சில் ஒரு எச்சரிக்கை உண்டு. சுமையை அச்சுக்குச் சற்று முன்னால் அதிகமாக இருக்கும்படி பரப்ப வேண்டும். பின்பக்கம் குவித்தால் இணைப்புக் கம்பி மேலே தூக்கும். டிராக்டரின் பின் சக்கரம் லேசாகிப் பிடிப்பு போய்விடும்.

டிரெய்லரை மாட்டும் இடமும் முக்கியம். டிராக்டரின் அடியில் தாழ்வாக இருக்கும் இழுவைப் பட்டையில்தான் மாட்ட வேண்டும். மண்ணில் சிக்கிய வண்டியை இழுக்கும் அவசரத்தில் மேலே உள்ள இணைப்பில் சங்கிலியைக் கட்டுகிறார்கள். பின் அச்சுக்கு மேலே இருந்து இழுத்தால் முன் சக்கரம் எழும்பி, டிராக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். இணைக்கும் ஊசிக்குப் பூட்டுக் கிளிப்பும், கூடுதலாக ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம். சரிவில் இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். குறைந்த கியரிலேயே இறக்குங்கள்.

தளத்தின் உயரத்தையும் அளந்து பாருங்கள். பெரிய டிரெய்லரின் தளம் நெஞ்சுயரத்துக்கு இருக்கும். கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொட்ட வேண்டியிருந்தால், பெண்களின் பாரம் இன்னும் இறங்கவில்லை என்று பொருள். இடுப்புக்குக் கீழே தளம், கழற்றி மடக்கக்கூடிய பக்கப் பலகை. இந்த இரண்டையும் பட்டறையில் கேட்டு வாங்குங்கள். ஹைட்ராலிக் டிப்பர் இருந்தால் இறக்கும் வேலை மிச்சம். ஆனால் உங்கள் டிராக்டரின் எண்ணெய் அழுத்தம் அதைத் தூக்குமா என்று சுமையோடு ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

உப்பு தின்னாத இரும்பு உண்டா?

வயலில் பத்து வருஷம் உழைக்கும் டிரெய்லர், உப்பளத்தில் இரண்டு மூன்று பருவத்தில் பொடிந்துவிடும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம் பெயிண்ட் உரிந்த இடம் வழியாக இரும்பைத் தின்னும்.

எனவே, நாற்புறமும் மூடிய பெட்டிக் குழாயில் சட்டம் அடிக்க வேண்டாம். உள்ளே புகுந்த உப்புத் தண்ணீர் வெளியே வராது. துருவும் கண்ணுக்குத் தெரியாது. திறந்த சேனல் இரும்பில் தண்ணீர் வடியும், துரு தெரியும், கீறிப் பெயிண்ட் அடிக்கலாம். வெல்டிங்கை விட்டுவிட்டு வைக்காமல் முழு நீளத்துக்கும் வைக்கச் சொல்லுங்கள். இடைவெளிகளில்தான் உப்பு தங்கும். தளத்துக்குத் தகட்டைவிட மரப்பலகை நல்லது. உப்பள வேலைக்கு மரக் கருவிகளையே நம் முன்னோர் வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. பலகை பழுதானால் அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வசதியிருந்தால் சட்டத்தைத் துத்தநாகக் குளியலில் முக்கி எடுத்து வாங்கலாம். செலவு கூடும், ஆயுளும் கூடும்.

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கடலோரத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் பயனில்லை. சக்கரத்துப் பேரிங்குக்கு வாரம் ஒரு முறை கிரீஸ், மழை தொடங்கியதும் துருவைச் சுரண்டிப் பெயிண்ட்.

மாற்று டயரும் ஒரு செட் பேரிங்கும் எப்போதும் கைவசம் இருக்கட்டும். இது புது யோசனை இல்லை. சங்க காலத்தில் உப்பு விற்கப் போன உமணர்கள், வழியில் அச்சு முறிந்தால் மாட்டுவதற்காக வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள். அதற்குச் சேம அச்சு என்று பெயர். புறநானூற்றில் ஔவையார் பாட்டில் அது வருகிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் கருத்து. உப்பு வண்டியின் கஷ்டம் இந்தக் கடற்கரைக்குப் பழையது.

காகிதம் இல்லாத வண்டி கடனில் தள்ளும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிராக்டரையும் டிரெய்லரையும் தனித்தனியாகவே வரையறுக்கிறது. டிராக்டருக்கு ஆர்.சி. புத்தகம் இருந்தால் மட்டும் போதாது. டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். காப்பீட்டிலும் அது சேர்ந்திருக்க வேண்டும். பட்டறையில் செய்து வாங்கும் முன், அந்த வடிவத்தைப் பதிவு செய்ய முடியுமா என்று திண்டிவனம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், உப்பு விவசாயப் பொருள் இல்லை என்பது. அரசமைப்புச் சட்டத்தில் உப்பு ஒன்றிய அரசின் பட்டியலில் தொழிலாக வைக்கப்பட்டிருக்கிறது. விவசாயப் பயன்பாட்டுக்கு என்று பதிவு செய்து காப்பீடு எடுத்த வண்டியில் வாடகைக்கு உப்பு ஏற்றி விபத்து நடந்தால், காப்பீட்டு நிறுவனம் அதையே காரணம் காட்டும். வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால், பதிவும் காப்பீடும் அதற்கேற்ப இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்தை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

காப்பீடு எடுக்கும்போது மூன்றாம் நபருக்கானதை மட்டும் எடுத்து நிறுத்திவிடாதீர்கள். முழுக் காப்பீட்டில் புயல், வெள்ளம், தீ, கலவரச் சேதமும் அடங்கும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்த உப்பளங்கள் தண்ணீரில் மூழ்கின. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் தீக்கிரையானதையும் நாம் மறக்கவில்லை. இங்கே இருப்பவர்களுக்கு அந்த இரண்டு பயமும் உண்மையானவை. ஆவணங்களின் நகலைக் கைப்பேசியிலும் உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள்.

டிரெய்லரில் ஆள் ஏற்றாதீர்கள். வேலை முடிந்து களைத்து வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு போகத்தான் மனம் சொல்லும். ஆனால் 2022 அக்டோபர் 1 அன்று உத்தரப் பிரதேசம் கான்பூர் பகுதியில், கோயிலுக்குப் போய்த் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நம் சாலையிலோ, வேகமாக வரும் கார்களுக்கு முன்னால் டிராக்டர் ஆமை போலத்தான் நகரும். பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் இல்லாமல் இருட்டில் சாலையைக் கடக்கவே கூடாது.

பணத்துக்கு எங்கே போவது?

டிராக்டருக்கும் வேளாண் கருவிகளுக்கும் வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் தருகிறது. சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 விழுக்காடு. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு மேலும் 20 விழுக்காடு சேர்த்துத் தருகிறது. விண்ணப்பத்துக்கு உழவன் செயலி போதும். ஒப்புதல் வந்த பிறகே, துறை ஏற்றுக்கொண்ட கம்பெனிகளிடம் வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. டிரெய்லரும் அந்தப் பட்டியலில் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் சிட்டாவும் சிறு, குறு விவசாயி சான்றும் கேட்பார்கள். நம்மில் எத்தனை பேரிடம் சிட்டா இருக்கிறது? செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் ஆங்கில அரசு பஞ்சமி நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அந்த நிலத்தில் பெரும் பகுதி கை மாறிப் போனது. நிலம் போனவரின் பேரப்பிள்ளைக்கு டிராக்டர் மானியமும் போகிறது. நிலமில்லாத ஆதிதிராவிட விவசாயக் கூலிப் பெண்கள் நிலம் வாங்க, தாட்கோவின் நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்தில் 50 விழுக்காடு, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. நிலம் வாங்கும் பெண்ணுக்குச் சிட்டா வரும். அதன் வழியே கருவி மானியத்துக்கும் கதவு திறக்கும்.

நிலமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தாட்கோவின் முதலமைச்சரின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டத்தில், தொழில் தொடங்கத் திட்ட மதிப்பில் 35 விழுக்காடு, அதிகபட்சம் 3.5 லட்சம் ரூபாய் மானியம் கிடைக்கும். ஒழுங்காகத் தவணை கட்டினால் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து 7 லட்சம் என்றால் மானியம் 2 லட்சத்து 45 ஆயிரம். விழுப்புரத்தில் உள்ள தாட்கோ மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் இப்போதைய விதிகளைக் கேட்டு விண்ணப்பியுங்கள். விலைப்புள்ளி வாங்கும்போது டிரெய்லர், பதிவு, காப்பீடு மூன்றையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். டிராக்டருக்கு மட்டும் கடன் வாங்கிவிட்டு, டிரெய்லருக்குக் கந்துவட்டிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மழைக்காலத் தவணை

உப்பு எடுப்பது தை, மாசியில் தொடங்கி வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடிந்துவிடும். வங்கித் தவணைக்கு மழைக்கால விடுமுறை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்குத் தரும் 5,000 ரூபாய் நிவாரணம் அடுப்பு எரியத்தான் போதும்; வண்டித் தவணைக்குப் போதாது. எனவே தவணை, டீசல், ஓட்டுநர் கூலி, பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குக் கூட்டுங்கள். உப்புப் பருவத்தில் எத்தனை நடை ஓடும் என்று குறைத்தே மதிப்பிடுங்கள். மிச்சத்தை ஈடுகட்ட வேறு சுமை வேண்டும். நம் பக்கத்தில் சவுக்குக் கட்டை இருக்கிறது. தர்ப்பூசணி, வேர்க்கடலை, எரு இருக்கின்றன. அதற்காகத்தான் கழற்றி மாட்டும் பக்கப் பலகை. உப்புக்கு ஒரு அடிப் பலகை, வைக்கோலுக்கு மேலே உயரக் கம்பிச் சட்டம். வண்டி ஒன்றே, கூலி இரண்டு.

தனியாக முடியாது என்றால் நான்கைந்து குடும்பம் சேருங்கள். அல்லது மகளிர் சுயஉதவிக் குழு சேரட்டும். யார் ஓட்டுவது, யார் கணக்கு எழுதுவது, பழுதுக்கு மாதம் எவ்வளவு ஒதுக்குவது என்று முதல் நாளே எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கணக்கை நம் கல்லூரிப் பிள்ளைகள் எழுதட்டும்.

கடைசியாக ஒன்று. மானியம் வாங்கித் தருகிறேன், சாதிச் சான்றும் கையெழுத்தும் மட்டும் கொடு, வண்டி என்னிடம் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டு யாராவது வருவார்கள். கையில் கொஞ்சம் பணமும் தருவார்கள். வண்டி அவர் களத்தில் நிற்கும். வங்கி நோட்டீஸ் நம் வாசலுக்கு வரும். விபத்து நடந்தால் வழக்கும் நம் பெயரில்தான். வெற்றுக் காசோலையிலும் எழுதாத தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

என் அண்ணன் இப்போது மறுபடியும் டிராக்டர் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். இந்த முறை கையில் அளவு நாடா வைத்திருக்கிறார். அண்ணி மட்டும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் அவர் பெயரும் உப்பு சுமக்கும் மற்ற மூன்று பெண்களின் குழுவும் இருக்க வேண்டுமாம். நியாயம்தான். இத்தனை வருஷம் சுமந்தது அவர்கள் தலைதானே.